வளைவில் சாயும் கார்... ஸ்பிரிங்கை இறுக்கினால் நிற்குமா? இருங்காட்டுக்கோட்டை டிராக் சொல்லும் கணக்கு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் நடக்கும் நாட்களில் ஓரமாக நின்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ரோட்டில் ஓடும் அதே மாடல் கார்தான். ஆனால் 'சி 1' என்று அழைக்கப்படும் முதல் வளைவில் சீறிப்பாய்ந்து திரும்பும்போதும் அதன் பாடி பலகை போல நேராக நிற்கும். ஷோரூமில் இருந்து எடுத்த காரை அதே வேகத்தில் திருப்பினால் படகு மாதிரி ஒரு பக்கம் சாயும்.

இதை பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கை டைட் பண்ணினால் தங்கள் காரும் பந்தய கார் ஆகிவிடும் என்று நம்பும் வாலிபர்கள் ஏராளம். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு காரை தாழ்த்தி ஓட்டுபவர்களும் உண்டு. வில்லங்கம் அங்குதான் ஆரம்பிக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை டிராக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்தது. 1990-ம் ஆண்டு திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.7 கி.மீ. மொத்தம் 12 வளைவுகள். அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்து வந்தது.

எடை எங்கே போகிறது?

டவுன் பஸ் வலது பக்கம் ஒடித்து திரும்பினால் நின்று கொண்டிருப்பவர்கள் இடது பக்கம் தள்ளப்படுவார்கள். காருக்கும் அதே கதிதான். வலது பக்கம் திரும்பும் காரின் எடை இடது பக்க டயர்கள் மீது ஏறும்.

எவ்வளவு ஏறும்? உதாரணத்துக்கு 1,000 கிலோ எடை உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடை மையம் தரையில் இருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி 150 செ.மீ. நேராக போகும்போது இரண்டு பக்கமும் 500 கிலோ வீதம் சுமக்கின்றன. வளைவில் காரின் எடைக்கு சமமான விசை பக்கவாட்டில் தள்ளினால், 333 கிலோ அப்படியே இடம் மாறிவிடும். வெளிப்பக்க டயர்கள் மீது 833 கிலோ. உள்பக்க டயர்கள் மீது வெறும் 167 கிலோ.

இந்த கணக்கில் ஸ்பிரிங் என்ற பேச்சே இல்லை என்பதை கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்கை கழற்றிவிட்டு இரும்பு துண்டை வைத்து வெல்டிங் அடித்தாலும் கிட்டத்தட்ட அதே 333 கிலோ மாறத்தான் செய்யும். நம்பாதவர்கள் கோ-கார்ட் வண்டியை பார்த்தால் போதும். அதில் ஸ்பிரிங்கே கிடையாது, பாடி சாய்வதும் இல்லை. ஆனாலும் வளைவில் உள்பக்க பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

இந்த எடை மாற்றத்தை குறைக்க வழி, காரை அகலமாக்குவது அல்லது எடை மையத்தை கீழே இறக்குவது. அதே காரில் மையத்தை 5 செ.மீ. இறக்கினால் 333 கிலோ என்பது 300 ஆகிவிடும். பந்தய கார் தரையோடு தரையாக இருப்பது ஸ்டைலுக்காக அல்ல.

எடை மாறினால் என்ன நஷ்டம்? கோயம்பேடு மார்க்கெட்டில் இரண்டு பேர் ஆளுக்கு 50 கிலோ மூட்டை தூக்கினால் வேலை சுளுவாக நடக்கும். 100 கிலோவையும் ஒருவர் தலையில் ஏற்றினால் நடை தள்ளாடும். டயரும் அப்படித்தான். எடை இரண்டு மடங்கு ஆனால் ரோட்டை பிடிக்கும் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை.

அப்போ ஸ்பிரிங் எதுக்கு?

எவ்வளவு எடை மாறும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. பாடி எவ்வளவு சாயும், எவ்வளவு சீக்கிரம் சாய்ந்து நிற்கும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

சாதாரண சின்ன காரில் ஸ்பிரிங்கை 1 மில்லி மீட்டர் அமுக்க சுமார் 2 அல்லது 3 கிலோ எடை போதும். பந்தயத்துக்கு தயார் செய்த காரில் 6 முதல் 10 கிலோ வரை தேவைப்படும்.

பாடி அதிகம் சாய்ந்தால் டயரும் சாயும். முழு அகலமும் தரையில் பதியாமல் ஓரத்தில் நிற்கும். ஒரு பக்கமாக தேயும் செருப்பு மாதிரி! அடுத்தடுத்து இடது, வலது என்று வளைவு வந்தால், பாடி ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் சாய்ந்து முடிப்பதற்குள் கார் பாதி வளைவை தாண்டியிருக்கும். பந்தயத்தில் அந்த அரை நொடி பெரிய சமாசாரம்.

சாய்வை கட்டுப்படுத்த இன்னொரு சாமானும் உண்டு. அதுதான் 'ஆன்டி ரோல் பார்'. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் வளைந்த இரும்பு கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் இது சும்மா இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு தடுக்கும். 20 மி.மீ. கம்பிக்கு பதில் 22 மி.மீ. கம்பி போட்டால், பார்க்க பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் முறுக்கு பலம் கிட்டத்தட்ட பாதி அளவு கூடிவிடும்.

மூக்கா, வாலா?

பந்தய மெக்கானிக்குகள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். மாறும் மொத்த எடை மாறாது. ஆனால் அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு போடலாம். எந்த பக்கம் கடினமோ அந்த பக்கத்துக்கு பங்கு அதிகம். பிடி முதலில் போவதும் அந்த பக்கத்தில்தான்.

முன்பக்கத்தை ரொம்ப இறுக்கினால் ஸ்டீரிங்கை ஒடித்தாலும் மூக்கு திரும்பாது. பின்பக்கத்தை ரொம்ப இறுக்கினால் வால் சுழன்று கார் பம்பரம் ஆடும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் மூக்கு திரும்பாத நோய் இயல்பிலேயே உண்டு என்பதால், பந்தயத்தில் பின்பக்கத்தை கொஞ்சம் கூடுதலாக இறுக்குவார்கள். அந்த கார்கள் வளைவில் உள்பக்க பின்சக்கரத்தை நாய் கால் தூக்குவது போல தூக்கிக்கொண்டு போகும். பார்ப்பவர்களுக்கு சிரிப்பு வரும். டிரைவருக்கு அதுதான் லாபம்.

ஓவராக இறுக்கினால்...

அப்படியானால் எல்லாவற்றையும் கல் மாதிரி இறுக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி வரும். ரோடு கண்ணாடி போல இருந்தால் இறுக்கலாம். மேடு பள்ளம் இருந்தால் டயர் குதிக்கும். அந்தரத்தில் இருக்கும் டயரால் திருப்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. மழை பெய்தால் பந்தய காரிலேயே பல நேரம் இறுக்கத்தை தளர்த்துவதும் அந்த பிடிக்காகத்தான்.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலை சுற்றி இரவு நேர பார்முலா 4 பந்தயம் நடந்தது. தினமும் பஸ்சும் ஆட்டோவும் ஓடும் ரோடு அது. இப்படிப்பட்ட தெரு பந்தயத்துக்கு, டிராக்குக்கு வைத்த இறுக்கம் அப்படியே ஒத்துவராது.

கோடிகளை கொட்டும் பார்முலா 1 பந்தயமும் இதில் தப்பவில்லை. 2022-ம் ஆண்டு புது விதிப்படி வந்த கார்கள் தரையை ஒட்டி, மிக கடினமான ஸ்பிரிங்குடன் ஓடின. நேர் பாதையிலேயே கார்கள் துள்ளின. அந்த ஆண்டு ஜூன் மாதம் அஜர்பைஜான் நாட்டின் பாகு நகரில் பந்தயம் முடிந்ததும், 7 முறை உலக சாம்பியன் ஆன லூயிஸ் ஹாமில்டன் முதுகு வலியால் காரை விட்டு இறங்கவே திண்டாடினார்.

வெட்டிய ஸ்பிரிங் என்ன செய்யும்?

6 சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் கார் தாழ்ந்துவிடுவதால் ஸ்பிரிங் அமுங்க மீதி இடமே இருக்காது. வளைவில் ஒரு பள்ளம் வந்தால் அடியில் உள்ள ரப்பர் கட்டையில் 'டங்' என்று முட்டும். அந்த நொடியில் அந்த சக்கரம் இரும்பு போல ஆகி, பிடி திடீரென்று போய்விடும். டிரைவர் சுதாரிக்க நேரம் இருக்காது.

கேஸ் கட்டிங் வைத்து வெட்டினால் சூட்டில் இரும்பின் பதமும் கெடும். வெட்டிய முனை சரியாக உட்காராமல், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நகரும் ஆபத்தும் உண்டு. பந்தய கார்களில் ஸ்பிரிங்கை மாற்றும்போது அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். வெட்டுபவர்கள் அதை செய்வதில்லை.

தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைக்கக்கூடாது என்று 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியதும் குறிப்பிடத்தக்கது.

பழைய கார் வளைவில் ஆட்டம் போட்டால் ஸ்பிரிங் மீது கை வைப்பதற்கு முன்பு ஷாக் அப்சார்பரை பார்க்க வேண்டும். காரின் ஒரு மூலையை பலமாக அமுக்கி விட்டால், ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு, மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். ஆயில் கசிந்திருக்கிறதா என்றும் பார்த்து, இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.