இந்தியப் பெருங்கடலில் இரவு வழியறிதல்

கரை மறைந்த பின் மாலுமிக்கு இரண்டு செய்திகள் தெரிந்தாக வேண்டும். கப்பல் எத்திசையில் செல்கிறது என்பது ஒன்று. வடக்கு தெற்காக எவ்வளவு நகர்ந்துள்ளது என்பது மற்றொன்று. காந்த ஊசி முதல் வினாவுக்கு மட்டுமே விடை தரும். திசைகாட்டி வந்த பின்னும் அராபிய, இந்திய மாலுமிகள் விண்மீன்களைக் கைவிடாததற்குக் காரணம் இதுவே.

துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. சென்னையில் இது சுமார் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. இவ்வுயரத்தை அளக்க அராபியர் 'கமால்' என்ற கருவியைப் பயன்படுத்தினர். சோழமண்டலக் கரையில் இத்தகைய பலகைக்கு 'இராப்பலகை' என்று பெயர். கருவி மிக எளியது: ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவிலிருந்து முடிச்சுகளிட்ட ஒரு கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு விண்மீனையும் தொடும்படி பார்ப்பர். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதைக் கொண்டு அட்சரேகையை அறிவர். கள்ளிக்கோட்டைக்குச் செல்பவர் முதலில் அதன் அட்சரேகையை அடைந்து, பின் அதே உயரம் மாறாமல் நேர்கிழக்காகச் செல்வார்.

அளவு அலகு 'இஸ்பா', அதாவது விரல், ஏறத்தாழ 1.6 பாகை. இதில் ஒரு சிக்கல் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் துருவ விண்மீன் உண்மையான துருவத்திலிருந்து சுமார் 3.5 பாகை விலகியிருந்தது. அதைத் திருத்தாவிட்டால் ஏறக்குறைய 390 கிலோமீட்டர் வரை பிழை நேரும். இலட்சத்தீவு, மாலத்தீவுப் பகுதிகளில் நீர்மட்டத்தோடு ஒட்டிய பவளப்பாறைகள் இரவில் கண்ணுக்குத் தெரியா. அங்கே இப்பிழை கப்பலையே உடைத்துவிடும். இத்தகைய திருத்தங்களை விரிவாக எழுதியவர்களுள் அராபிய மாலுமி இப்னு மஜீத் முதன்மையானவர். (வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்று இன்றும் பலர் எழுதுகின்றனர், ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை.)

காந்த ஊசியைக் கப்பலில் பயன்படுத்தியது பற்றிய பழைய குறிப்பு, 1119 அளவில் எழுதிய சீனர் சூ யூவுடையது. அவர் கூறும் மாலுமிகள் இரவில் விண்மீனையும் பகலில் சூரியனையும் பார்த்தனர். வானம் மூடியபோதுதான் ஊசியை நாடினர்.

அராபியர் திசைவட்டத்தை 32 பிரிவுகளாக்கி, விண்மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களின் பெயர்களையே அவற்றுக்கு இட்டனர். கிழக்குக்குத் திருவோண விண்மீனின் உதயம் என்று பெயர். அவ்விண்மீன் நேர்கிழக்குக்குச் சில பாகை வடக்கே உதிக்கிறது. ஆயினும் அப்பெயரே நிலைத்தது.