மூக்குக் கண்ணாடியும் லேசர் ஒளியும்

இளமை முதல் மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் அதனைத் தம் முகத்தின் ஓர் உறுப்பாகவே கொண்டுவிடுகின்றனர். ஆயினும், மழையில் பேருந்தைப் பிடிக்க ஓடும்போதும், விடியலில் தலையணையருகே கைகளால் தடவித் தேடும்போதும், இதற்கொரு முடிவு இல்லையா என்னும் ஏக்கம் எழாதவர் அரியர். அவ்வேக்கத்தைத் தீர்க்கும் லேசர் சிகிச்சை இன்று நம் நாட்டின் பெருநகரங்களில் எளிதிற் கிடைக்கின்றது. சில நிமிட வேலை, மறுநாளே தெளிந்த பார்வை என்பது நாம் கேள்வியுறுவது. அது பெரும்பாலும் மெய்யே. எனினும் மருத்துவம் இந்நிலைக்கு வந்த வழி நேரானதன்று. அவ்வழியைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

கண்ணின் முகப்பில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல அமைந்த தெளிந்த படலத்தைக் கார்னியா என்பர். ஒளியை வளைத்து உட்செலுத்துவதில் பெரும்பங்கு அதனுடையது. கிட்டப்பார்வை உடையோரின் கண்ணில் ஒளி விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுகிறது. கார்னியாவின் வளைவைச் சற்றே தட்டையாக்கினால் அக்குவியம் பின்னே நகர்ந்து விழித்திரையிற் படியும். கருத்து எளிது, ஆனால் நடுவில் அரை மில்லிமீட்டரே தடிப்புள்ள படலத்தில் கத்தி வைக்க யாருடைய கை துணியும்?

ஜப்பானிய மருத்துவர் சாத்தோ துணிந்தார். 1930களில் ஆராயத் தொடங்கிய அவர், பின்னர் கார்னியாவின் உட்புறத்திலும் கீறல்களிட்டு அதனைத் தட்டையாக்கினார். நோயாளிகள் மகிழ்ந்தனர். ஆனால் உட்புறத்தில் ஒற்றை வரிசையாய் அமைந்த உயிரணுக்களே நீரை வெளியேற்றிக் கார்னியாவைத் தெளிவாக வைத்திருக்கின்றன என்பதும், அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதும் அன்று அறியப்படவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, அச்சிகிச்சை பெற்றோர் பலரின் கார்னியா நீர்கோத்துப் புகைபடர்ந்தது. சிகிச்சையின் விளைவு அதைச் செய்தவரின் காலத்திற்குப் பின்னரும் வெளிப்படலாம் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

பின் வந்தோர் வேறு வழிகளை நாடினர். தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில் பராக்கர் என்பவர் கார்னியாவின் மேற்பகுதியைச் சீவியெடுத்து, உறையச்செய்து, கடைசற்பொறியில் இழைத்து, மீண்டும் கண்ணில் தைத்தார். அவர் தம் கருத்தை வெளியிட்டது 1949இல். மாஸ்கோவில் பியோதரவ் 1970களில் வைரக் கத்தியால் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல முன்புறத்தில் மட்டும் கீறினார். அம்முறை உலகெங்கும் பரவிற்று. ஆனால் பத்தாண்டுகளில் பலருக்குப் பார்வை மெல்ல மெல்லத் தூரப்பார்வையை நோக்கி நகர்ந்தது.

கத்தியால் இயலாத நுட்பத்தை ஒளி தந்தது. இங்கே நம்மவர் ஒருவரின் பெயர் வருகின்றது. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய இரங்கசாமி சீனிவாசன், எக்சைமர் என்னும் புறஊதா லேசரைக் கொண்டு பிளாஸ்டிக்கைச் செதுக்கி ஆராய்ந்துவந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டினை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துவந்து அவ்வொளியை அதன்மேற் பாய்ச்சினார். வின், புளூம் என்னும் இருவரும் உடனுழைத்தனர். ஒப்பிட்டுப் பார்க்கப் பாய்ச்சிய பச்சை லேசர் தசையைக் கருக்கிற்று. புறஊதா லேசரோ சுற்றுப்புறத்தைச் சுடாமல், விளிம்பு கலையாமல் வெட்டியது. அதன் ஒவ்வொரு துடிப்பும் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவையே எடுக்கின்றது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1983இல் கண் மருத்துவர் டிரோக்கலும் சீனிவாசனும் இதனைக் கார்னியாவிற்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். 1988இல் அமெரிக்காவில் மார்கரீட் மெக்டொனால்டு, பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதன்முதலாக இதனைச் செய்தார். புற்றுநோயால் அகற்றப்படவிருந்த தம் கண்ணை ஆய்விற்கு அளித்தவர் ஒரு பெண்மணி. இன்று கண்ணாடியைக் களைந்து நடப்போர் அந்த அம்மையாருக்குக் கடன்பட்டிருக்கின்றனர். 1990ஐ ஒட்டிக் கிரீட் தீவில் பல்லிகாரிஸ், மேற்படலத்தை ஏடு போலத் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி மூடும் லாசிக் முறையை உருவாக்கினார்.

இனி, சிகிச்சைக்குச் செல்பவர் காண்பதென்ன? ஊசியில்லை, சொட்டு மருந்தே கண்ணை மரக்கச் செய்கிறது. கண்ணின்மேல் ஓர் அழுத்தமும், நொடிப்பொழுது பார்வை மங்கலும், கருகிய முடி போன்றதொரு வாசமும் தோன்றலாம். பின்னர்ச் சில மணி நேரம் கண் உறுத்தும். சில மாதங்கள் கண் உலர்ந்திருப்பதும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் வழக்கம். சிலருக்கு அவை நீங்காமலும் இருப்பதுண்டு. இரவில் வண்டியோட்டிப் பிழைப்போர் இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுதல் நன்று.

கணக்கொன்றும் உண்டு. ஒரு பவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் வரை கார்னியா எடுபடும், எடுத்தது வளராது. திறக்கும் ஏட்டிற்குச் சற்றேறக்குறைய 100 மைக்ரான் போக, அடியில் 250 மைக்ரானேனும் எஞ்சவேண்டும். ஆகவேதான் கார்னியா மெலிந்தவர்க்கும், அது கூம்பு போலப் புடைக்கத் தொடங்கியவர்க்கும் மருத்துவர் மறுக்கின்றார். அம்மறுப்பைக் கேட்டு வேறோர் இடத்தில் 'சரி' என்பவரைத் தேடி அலைவோரை நாம் அறிவோம். சாத்தோவின் நோயாளிகளை அவர்கள் அறிந்திருக்கவில்லை. 18 வயது நிரம்பாதவரும், ஓராண்டாகப் பவர் மாறிவருபவரும் காத்திருக்க வேண்டியவர்களே.

லேசர் திருத்துவது கார்னியாவின் வளைவை மட்டுமே. நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாள் படிக்க வேண்டிவரும் கண்ணாடியை அது தவிர்ப்பதில்லை. கடுங்கிட்டப்பார்வையினால் விழித்திரைக்கு நேரக்கூடிய அபாயமும் அப்படியே இருக்கின்றது. ஆண்டுதோறும் சோதனை வேண்டும்.

இறுதியாக, வேலையை முன்னிட்டு மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம்மவர்க்கு ஒரு செய்தி. சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளின் தாளைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துக. முப்பது ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், கண்புரைக்கு லென்ஸ் வைக்கவேண்டிவரும். அன்று அதன் பவரைக் கணிக்கும் மருத்துவர், திருத்தப்பட்ட கார்னியாவை அளந்து ஏமாறாதிருக்க, முதலிற் கேட்பது அந்தத் தாளைத்தான்.