கோலுக்கு எட்டாதவர்கள்

மேற்குத் தாம்பரத்திலிருந்து தர்காஸ் பக்கம் ஷேர் ஆட்டோ ஏறுகிறவர்கள் இன்றைக்கும் “கிஷ்கிந்தா ரோடு” என்றுதான் சொல்கிறார்கள். கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவை மூடியாயிற்று. சோமங்கலம் போகிற சாலையில் அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியேறிய பிறகு எல்.கே.ஜி. டீச்சராகவே காலத்தை ஓட்டியவள் நான். அந்தப் பூங்காவை அதன் ராட்டினங்களை வைத்து நினைக்க எனக்கு வராது. மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதுதான் நினைவில் நிற்கிறது. பொழுதுபோக்குப் பூங்காக்களின் கதையைக் குழந்தையின் தலை மட்டத்திலிருந்து யாராவது சொல்ல வேண்டாமா?

மோட்டார் வருவதற்கு முன்பிருந்தே தொடங்குகிறேன். நான் பிறந்தது உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். திருவிழாவுக்கு வரும் ராட்டினத்தில் நான்கே மரப்பெட்டிகள். ஒருவர் நின்றுகொண்டு, கீழே இறங்கி வரும் பெட்டியைக் கையால் அழுத்தித் தள்ளுவார், அவ்வளவுதான் இயந்திரம். குழந்தை வீறிட்டால் கையைத் தளர்த்துவார். “பயந்துடுச்சா? இறக்கிவுட்டுடறேன், இருங்கம்மா” என்று பெட்டியைப் பிடித்து நிறுத்தி, தாயையும் பிள்ளையையும் இறக்கிவிட்டு, காசில் பாதியைத் திருப்பியும் கொடுப்பார். வயதும் உயரமும் யாரும் கேட்டதில்லை. இதே மாதிரி கையால் சுற்றும் சக்கரங்களைத் துருக்கியர் ஆண்ட ஊர்களில் பார்த்ததாக 1620-இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி எழுதிவைத்திருக்கிறார். 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் 264 அடி உயரத்துக்கு ஒரு சக்கரத்தை நிறுத்தி நீராவியால் சுழற்றினார். சுற்றுகிறவரின் கை போய் எஞ்சின் வந்தது. எஞ்சினுக்கு அழுகை கேட்காது. ஒரு சுற்று தொடங்கினால் முடிந்துதான் நிற்கும். இன்று ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் உயரம் அளக்கக் கோடு போட்ட கோல் ஒன்று நிற்கிறதே, அது நிற்பது ராட்டினக்காரரின் காது இருந்த இடத்தில் என்பது என் எண்ணம்.

கோலைக் குறை சொல்லவில்லை. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. நமக்கு எட்டில் ஒரு பங்குதான். இரண்டு வயதிலும் உடம்புக்குத் தலை பெரிதுதான், கழுத்தோ பூஞ்சை. சட்டென்று திரும்பும் பெட்டியில் அந்தத் தலை முதலில் போகும், உடம்பு பின்னால் வரும். மார்புக்குக் குறுக்கே இறங்கும் இரும்புப் பட்டை பெரியவரின் தோளுக்கு என்று செய்தது. பிள்ளை அதற்கடியில் வழுக்கி வெளியே வந்துவிடும். வகுப்பில் ஒரே பெஞ்சில் நான்கு பேரை உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்னையில் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போகும் பழக்கத்துக்கு வயது அதிகம். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி பீப்பிள்ஸ் பார்க் இருந்தது. அங்கே ஆண்டுக் கடைசியில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அதில் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கூட்டத்துக்குப் போகும்போது வெளியேறும் வழி எங்கே என்று முதலில் பார்க்கும் வழக்கம் என் மாமியாருக்கு உண்டு. அந்தத் தீயைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் இந்த ஊர்ப் பாட்டிகளிடம் அந்த எச்சரிக்கை எப்படியோ தங்கியிருக்கிறது.

மிருகக்காட்சிசாலையும் அதே பீப்பிள்ஸ் பார்க்கில்தான் வெகுகாலம் இருந்தது. எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது அது. பிறகு பார்க்குக்கு மாறியது. இடம் போதாமல் 1985 ஜூலையில் வண்டலூருக்கு வந்தது. திறந்து வைத்தவர் எம்.ஜி.ஆர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம், அங்கிருந்து வண்டலூர், மதியச் சாப்பாட்டோடு போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். மிருகங்களுக்கு அங்கே நல்ல வாழ்வு: கம்பிக் கூண்டு இல்லை, திறந்தவெளி, நமக்கும் அவற்றுக்கும் நடுவே அகழி. ஆனால் அகழிக்கு இந்தப் பக்கம் ஒரு கைப்பிடிச் சுவர் வேண்டுமல்லவா? அது பெரியவர்களின் இடுப்பு உயரம். பழைய கூண்டில் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்துச் சிங்கத்தைப் பார்த்த குழந்தைக்கு, வண்டலூரில் தெரிவது காரைச் சுவர். பள்ளிச் சுற்றுலாவில் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் காட்டி இறக்குவதுதான் என் வேலை. புலி வெளியே வந்து நிற்கிற நேரம், கையில் இருப்பவன் பார்ப்பான். மற்றவர்கள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பேட்டரி வண்டியில் ஏறியபோதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புலி தெரிந்தது. மாலையில் எனக்கு முழங்கை மடங்காது.

இனி தனியார் பூங்காக்கள். அவற்றைக் கட்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பச் சுவாரசியம். ஈஞ்சம்பாக்கத்தில் தங்கக் கடற்கரையை உருவாக்கிய வி.ஜி. பன்னீர்தாஸ், வீட்டுச் சாமானைத் தவணையில் விற்றுப் பெயர் வாங்கியவர். மாதச் சம்பளக்காரன் வீட்டில் எது முடியும் முடியாது என்று அவருக்குத் தெரியாததா! கொச்சியில் 2000-இல் வீகாலேண்டைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, நம் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் முணுமுணுக்கும் ஸ்டெபிலைசரைச் செய்தவர். தாம்பரத்துக்கு வந்தவரோ சினிமாக்காரர், நவோதயா அப்பச்சன்.

அப்பச்சனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1984-இல் அவர் தயாரித்து, மகன் ஜிஜோ இயக்கிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் 3டி படம். அதைத் தமிழிலும் பார்த்தோம். அதில் பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவரில் இறங்கி வருவார்கள். தந்திரம் எளிதானது: அறையையே இரும்புச் சட்டத்தில் மாட்டி உருட்டினார்கள், கேமராவும் அறையோடு சேர்ந்து உருண்டது, பிள்ளைகள் எப்போதும் அடியில் இருக்கும் பக்கத்தில்தான் நடந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த அறையே ஒரு ராட்டினம். அதைக் கட்டத் தெரிந்தவருக்குப் பூங்கா கட்டும் ஆசை வந்ததில் ஆச்சரியம் என்ன? 1995-இல் 120 ஏக்கரில் கிஷ்கிந்தா திறந்தது. வாலியும் சுக்ரீவனும் ஆண்ட குரங்கு ராஜ்ஜியத்தின் பெயர். பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிப் போகும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை எந்த டீச்சரும் வைத்திருக்க முடியாது.

அன்றைய தாம்பரத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கில் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் எல்லாம் ஏரியும் வயலும் காலி மனையும். தலைக்கு மேல் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் உறுமும். வேளச்சேரி ரோட்டில் பஸ் பிடித்துக் கிழக்குத் தாம்பரம், ரயில்வே மேம்பாலத்தின் படியேறி மேற்கு, அங்கே இன்னொரு பஸ். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, கையில் தயிர்சாதத் தூக்கு. படியேறி இறங்குவதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். தூக்கை எடுத்துப்போனதிலும் பயனில்லை. வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது என்பது பூங்காக்களின் பொது விதி. கைக்குழந்தைக்கான பாலும் செரிலாக்கும் மட்டும் விலக்கு. தூக்கைத் திறந்து காட்டி, “இது குழந்தைக்குத்தான்” என்று சாதித்த அம்மாக்களை நான் அறிவேன். ஆறு பேர் சாப்பாட்டைச் சாப்பிடும் குழந்தை அது.

உள்ளே போனால் உடைப் பிரச்சினை. தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடைதான் வேண்டும். பருத்தி நனைந்தால் கனத்து உடம்பில் சுற்றிக்கொள்ளும், சாயம் இறங்கும், நூல் பிசிர் வடிகட்டியை அடைக்கும், காரணங்கள் நியாயமானவை. ஆனால் தொண்ணூறுகளில் தாம்பரத்துப் பெண்களிடம் நைலான் நீச்சல் உடை ஏது? வாடகைக்குக் கிடைக்கும், முந்தைய ஆள் போட்டுக் கழற்றியது, இன்னும் ஈரம் காயாதது. நம்மவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்தார்கள். அலைக்குளத்தில் இயந்திரம் அலை எழுப்பும், ஆண்களும் பள்ளிப் பையன்களும் ஓவென்று கத்துவார்கள். கரையில் சிமென்ட் பெஞ்சு நெடுக அம்மாக்கள், அத்தைகள், பாட்டிகள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கைக்குழந்தை, காலடியில் எல்லோருடைய செருப்பும், பக்கத்தில் கைக்கடிகாரமும் பர்ஸும் போட்ட பை. “நீ குழந்தையைப் பாத்துக்கோ, அப்படியே பையையும் பாத்துக்கோ.” என் கணவர் சொன்னார், என் தம்பி சொன்னான், எல்லா வீட்டிலும் சொன்னார்கள். டிக்கெட் மட்டும் எங்களுக்கும் முழு டிக்கெட்.

இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை, பழக்கம் என்று பதிவு செய்கிறேன். நம்மூர்ப் பூங்காவின் உண்மையான உள்கட்டமைப்பு அந்தப் பெஞ்சுதான். குழந்தை கோலுக்கு எட்டவில்லை என்றால் அதோடு ஒரு பெரியவரும் வெளியே நிற்க வேண்டும்; அந்தப் பெரியவர் அநேகமாக யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெஞ்சில் நல்ல சிநேகிதங்களும் முளைத்தன. பல்லாவரத்து அம்மாள் ஒருவர் எனக்குச் சளிக்குக் கற்பூரவல்லிக் கஷாயம் சொல்லித் தந்தது அங்கேதான்.

முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட் என்று மற்ற பூங்காக்களும் வந்தன. கடற்கரைச் சாலைப் பூங்காக்களில் பிள்ளைகளோடு போனதில் எனக்கு மறக்க முடியாதவர், பன்னீர்தாஸின் வி.ஜி.பி. தங்கக் கடற்கரையின் சிலை மனிதர். ராஜா வீட்டுக் காவலன் வேஷத்தில், கண்ணிமைகூட ஆடாமல் மணிக்கணக்கில் நிற்பார். பெரியவர்கள் முகத்தைக் கோணிக் காட்டிச் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். ஐந்து வயதுக்காரர்களும் அதையே செய்வார்கள். இரண்டு வயதுக்காரர்கள் மட்டும் அலறினார்கள். முகம் இருக்கிறது, அந்த முகம் தனக்குப் பதில் சொல்லவில்லை. அந்த வயதில் இதைவிடப் பயங்கரம் வேறில்லை. பக்கத்தில் பலூன்காரர் நின்றதற்கு வியாபார புத்திதான் காரணமாக இருக்கும்.

கிஷ்கிந்தாவுக்குக் கடைசிக் காலம் நன்றாக அமையவில்லை. 2016 மே மாதம் ஒரு ராட்டினத்தைச் சோதனையாக ஓட்டிப் பார்த்தபோது விபத்து நேர்ந்து ஊழியர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வண்டலூர் மீண்டு வந்தது. கிஷ்கிந்தா பிறகு மூடியே போனது. அப்பச்சன் அதையெல்லாம் பார்க்கவில்லை, 2012-இலேயே காலமாகிவிட்டார்.

இப்போது பேச்செல்லாம் வொண்டர்லா. வீகாலேண்டாகப் பிறந்ததுதான் பெயர் மாறி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் சுற்றி, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்திருக்கிறது. எங்களுக்கு மாம்பாக்கம் வழி. தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய டிக்கெட் விதி. வயதைக் கேட்பதில்லை, 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். எல்.கே.ஜி. அட்மிஷனில் பிறந்த தேதியை மாற்றிச் சொல்லும் பெற்றோரோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில், பொய் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கண்டுபிடித்ததற்காக அவர்களைப் பாராட்டுகிறேன்.

பேரனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. பீரோ கதவில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தோம், 84. மகளுக்கு ஒரே பரபரப்பு: பள்ளி லீவு வரை காத்திருந்தால் வளர்ந்துவிடுவானாம். இலவசமாக நுழைகிற உயரத்தில் அவன் ஏறக்கூடிய ராட்டினம் சொற்பம் என்று சொன்னேன். “அதனால என்னம்மா, நீ இருக்கியே, அவனையும் பையையும் பாத்துக்க மாட்டியா?” என்றாள், அவள் அப்பா குரலிலேயே.

மாப்பிள்ளைக்கு உயரமான ராட்டினம் என்றால் தலைசுற்றல், பாவம். பெஞ்சும் பையும் பிள்ளையும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். கேம்ப் ரோடு கடையில் நைலான் உடை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையது முழுக்கை.