ஒரு வண்டியும் அதன் மறுபிறவியும்

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பென் பொன் என்ற டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் ஒரு வண்டியை வரைந்தார். ஓவியம் என்று சொல்லத்தக்கதன்று. சக்கரம் வைத்த ரொட்டித் துண்டு போன்ற ஒரு கிறுக்கல். ஓட்டுநர் முன்னால், இயந்திரம் பின்னால், சரக்கு நடுவில். ஃபோல்க்ஸ்வாகன் வேனின் பிறப்பு இந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது.

அந்தக் கிறுக்கலும் வெறுங்கற்பனையன்று. ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க் தொழிற்சாலைக்குள் உதிரிபாகங்களைச் சுமக்க, பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் பலகையைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்த தட்டுவண்டியைப் பொன் அங்கே பார்த்திருந்தார். அந்தத் தொழிற்சாலையோ நாஜி ஆட்சி எழுப்பியது. போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளிகளின் வியர்வையில் இயங்கியது. போருக்குப்பின் பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. இல்லாமையிலிருந்து உருவான வண்டி இது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1950 மார்ச் 8 அன்று உற்பத்தி தொடங்கியபோது அதன் இயந்திரத்திற்கு 25 குதிரைத்திறன்தான். மேட்டில் ஏறத் திணறும். ஆனால் நீரும் ரேடியேட்டரும் வேண்டாத, காற்றால் குளிரும் இயந்திரம். ரொட்டிக்காரர், தச்சர், தபால்துறை, தீயணைப்பு நிலையம் என எல்லோருக்கும் அது உகந்ததாயிற்று. 1956இல் ஹனோவரில் அதற்கெனத் தனித் தொழிற்சாலையே எழுந்தது. ஜெர்மானியர் அதைச் செல்லமாக 'புல்லி' என்றனர்.

உழைப்பின் வண்டி பின்னர் விடுதலையின் சின்னமாக மாறியதும் விலைமலிவினால்தான். அமெரிக்காவில் பழைய வேன்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ஹிப்பி இளைஞர்கள் அவற்றையே வீடாக்கிக்கொண்டனர். தென் கரோலைனாவின் ஜான்ஸ் தீவைச் சேர்ந்த கறுப்பினத் தலைவர் ஈசா ஜென்கின்ஸ் தம் வண்டியின் பின்புறத்தில் எழுதியிருந்த வாசகம், அன்பே முன்னேற்றம், வெறுப்புக்கு விலை அதிகம் என்பது. அந்தத் தகடுகள் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இலக்கிய வாசகர்களான நமக்கு ஆர்வமூட்டும் செய்தி மற்றொன்று. 1969இல், பொறியாளர் வேலையைத் துறந்த ஜான் மியூர் என்பவர் 'முழு முட்டாள்களுக்காக' என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டு, ஃபோல்க்ஸ்வாகன் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றை எழுதினார். ஸ்பானர் பிடித்தறியாதவனும் தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டலாம் என்பதே அந்நூலின் நம்பிக்கை. தன் கையால் திருத்த முடிந்த பொருளே ஒருவனுக்கு முழுதும் சொந்தமான பொருள் என்ற எண்ணம் அதன் அடியில் ஓடுகிறது.

பழைய வேனின் கடைசி மூச்சு பிரேசிலில் அடங்கியது. அங்கே 'கொம்பி' என்ற பெயரில் 1957 முதல் உருவானது. 2014 முதல் காற்றுப்பையும் பூட்டாத் தடுப்பியும் கட்டாயம் என்று சட்டம் வந்ததால் 2013இன் இறுதியில் உற்பத்தி நின்றது. ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னே ஒரு தகடு மட்டுமே இருந்த வண்டி அது. ஆகவே சட்டத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

மறுபிறவிக்கான முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2001இல் டெட்ராய்ட் கண்காட்சியில் ஒரு மாதிரி, 2011இல் ஜெனீவாவில் மற்றொன்று. இரண்டும் சாலைக்கு வரவில்லை. 2017இல் மின்சார மாதிரி காட்டப்பட்டது. 2022 மார்ச்சில் 'ஐடி. பஸ்' இறுதி வடிவில் வெளியாயிற்று. அது உருவாவதும் அதே ஹனோவரில்தான். மின்சாரம்கூட இவ்வண்டிக்குப் புதிதன்று. 1972இலேயே எடை மிகுந்த ஈய மின்கலத்தைச் சுமந்துகொண்டு 85 கிலோமீட்டர் வரை ஓடிய மின்சார வேனை நிறுவனம் காட்டியிருக்கிறது. மின்கலம் தீர்ந்தால் இழுத்தெடுத்து வேறொன்றைப் பொருத்தலாம். ஐம்பது ஆண்டு கழித்து வந்த பேரனோ ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் செல்கிறது. அடிப்படை வகையில் மோட்டார் பின்னச்சில் இருப்பதும் பாட்டனின் வழக்கமே.

எனினும் 2024இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை ஏறத்தாழ 60,000 டாலர். இரு வண்ணப் பூச்சும் முகப்பின் பெரிய முத்திரையும் திரும்பி வந்தன. ரொட்டிக்காரரின் மகனும் சாலையோர இளைஞனும் திரும்பி வரவில்லை. சரக்கேற்றும் வகையும் உண்டு என்பது உண்மை. ஆனால் விளம்பரம் விற்பது நினைவை; அந்த நினைவுக்குரியோர் பலருக்கு அதை வாங்கும் வசதி இல்லை. மென்பொருளால் இயங்கும் அதன் உள்ளே மியூரின் வாசகன் ஸ்பானரோடு நுழையவும் இயலாது.

புகையற்ற வண்டி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. 1972இன் கனவு நனவானதில் மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு பொருளை மீட்டெடுக்கிறோம் என்று சொல்லும்போது எதை மீட்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொன் தம் குறிப்பேட்டில் வரைந்ததில் முகப்பு அழகு ஏதுமில்லை. இவ்வளவு சுமையை இவ்வளவு எளிதாக எடுத்துச் செல்லலாம் என்ற ஒரு கணக்கு மட்டுமே இருந்தது. அந்தக் கணக்கை மின்சாரத்தில் மறுபடி போட்டுப்பார்க்கும் வண்டி இனிமேல்தான் வரவேண்டும்.