விந்தை உருவங்கள் சொல்லும் விசுவாசம்



கெலமங்கலத்திலும் ஓசூர்த் தொழிற்பேட்டைப் பகுதியிலும் வாழும் நம்மில் பலர் வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். உடன் வேலை செய்யும் பிற சமயத்தவரும் பிற சபைச் சகோதரர்களும் திருவிழாவுக்கு நம் ஆலயத்திற்கு வரும்போது சில கேள்விகளைக் கேட்பதுண்டு. கோவிலுக்குள் சிங்கத்திற்கும் மாட்டிற்கும் என்ன வேலை? சிலுவையின் அடியில் மண்டை ஓடு எதற்கு? மாதாவின் காலடியில் பாம்பு ஏன்? விடை தெரிந்தவருக்கு இக்கேள்விகள் விசுவாசத்தை எடுத்துரைக்கும் வாய்ப்பு. தெரியாதவருக்கு அவை சங்கடம்.

நடுகல் தரும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஊர் ஆநிரைகளை மீட்கவோ ஊரைக் காக்கவோ போரிட்டு உயிர்விட்ட வீரர்களுக்கு நம் முன்னோர் எழுப்பிய நினைவுக் கற்கள் இவை. சில கற்களில் மூன்று அடுக்குகள் இருக்கும். கீழே போர்க்களம், நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் வானுலகப் பெண்கள், மேலே வீரன் அடைந்த விண்ணுலகம் எனக் கீழிருந்து மேலாக அவற்றைப் படிக்க வேண்டும். உச்சியில் செதுக்கிய சூரியனும் சந்திரனும் அவை உள்ளவரை இப்புகழ் நிலைக்கும் என்று சொல்கின்றன. ஒரு தூணிலிருந்து வளையல் அணிந்த கை மட்டும் நீண்டிருந்தால், அது கணவனுடன் உயிர்விட்ட மனைவியின் நினைவுக்கல்.

பல இடங்களில் இக்கற்களை மக்கள் இன்றும் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். ஆனால் அந்த வீரன் யார், யாருக்காக உயிர் கொடுத்தான் என்பதைச் சொல்லப் பல ஊர்களில் ஆளில்லை. கல் இருக்கிறது, கதை போய்விட்டது. நம் ஆலயங்களில் உள்ள உருவங்களுக்கும் இந்த நிலை வரக்கூடாது.

நான்கு உயிர்கள்

பழைய பீடங்களிலும் வாசக மேடைகளிலும் மனிதன், சிங்கம், காளை, கழுகு என்ற நான்கு உருவங்கள் இறக்கைகளோடு காணப்படும். இவை எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சியிலும் (எசே 1:10) திருவெளிப்பாட்டிலும் (4:7) வருபவை. இவற்றை நான்கு நற்செய்திகளோடு முதலில் இணைத்துப் பேசியவர்களில் ஒருவர் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித இரேனியு. இன்று நாம் காணும் வரிசை புனித எரோணிமுஸ் தந்தது. மத்தேயு இயேசுவின் மூதாதையர் பட்டியலோடு தொடங்குவதால் அவருக்கு மனிதன். பாலைநிலத்தில் முழங்கும் குரலோடு தொடங்கும் மாற்குவுக்குச் சிங்கம். கோவிலில் செக்கரியா செய்த குருத்துவப் பணியோடு தொடங்கும் லூக்காவுக்குப் பலிப்பொருளான காளை. வாக்கின் மறைபொருளை நோக்கி உயரப் பறக்கும் யோவானுக்குக் கழுகு.

மார்பைக் கொத்தும் பறவை

நற்கருணைப் பேழையின் கதவிலோ பீடத்தின் முகப்பிலோ ஒரு பறவை தன் மார்பைக் கொத்தி, வழியும் இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது கூழைக்கடா. வேடந்தாங்கலிலும், எல்லைக்கு அப்பால் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரிலும் கூடு கட்டும் அதே இனத்துப் பறவை. தொடக்கத் திருச்சபைக் காலத்தில் கிரேக்க மொழியில் எழுந்த 'பிசியோலோகுஸ்' என்ற நூல், இப்பறவை தன் இரத்தத்தால் குஞ்சுகளுக்கு உயிர் கொடுப்பதாகக் கூறியது.

உண்மையில் கூழைக்கடா தன் பை போன்ற அலகில் கொண்டுவரும் மீனையே குஞ்சுகளுக்குத் தருகிறது. புனித அகுஸ்தினாரும் இக்கதை மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் தம் இரத்தத்தால் நமக்கு வாழ்வளித்த ஆண்டவருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினா தம் நற்கருணைப் பாடலில் இயேசுவை இப்பறவையின் பெயராலேயே அழைத்தார். உருவம் இங்கே பறவையியல் பாடம் நடத்தவில்லை. நற்கருணையில் நாம் யாரை உட்கொள்கிறோம் என்று சொல்கிறது.

மண்டை ஓடும் பாம்பும்

கொல்கொதா என்றால் மண்டை ஓட்டு இடம். ஆதாம் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின்மேல் சிலுவை நடப்பட்டது என்பது பழங்கால மரபு. எனவே சிலுவையின் அடியில் உள்ள மண்டை ஓடு, முதல் மனிதனின் சாவைப் புதிய ஆதாமாகிய கிறிஸ்து வென்றார் என்று அறிக்கையிடுகிறது. அன்னை மரியின் காலடிப் பாம்பு தொடக்கநூல் 3:15ஐ நினைவூட்டுகிறது. ஆனால் கம்பத்தில் தொங்கும் பாம்பைக் கண்டால் பொருள் வேறு. அது மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பு (எண் 21:9). ஆண்டவரே அதைத் தம் சிலுவைக்கு அடையாளமாகக் கூறினார் (யோவா 3:14). ஒரே உருவம் இடத்திற்கேற்பப் பொருள் மாறும் என்பதால்தான் கற்றுக்கொள்வது தேவையாகிறது.

பரங்கிமலைச் சிலுவை

இம்மொழி ஐரோப்பாவிற்கு மட்டும் உரியதன்று. 1547ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் சென்னைப் பரங்கிமலையின் உச்சியில் ஆலயம் கட்டத் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பாரசீகரின் பழைய பகலவி எழுத்துகள் உள்ளன. சிலுவையின் முனைகள் மொட்டுப்போல் விரிகின்றன. மேலே புறா இறங்குகிறது. இருபுறத் தூண்களின்மேல் மகரங்கள் தோரணத்தைத் தாங்குகின்றன. நம் நாட்டுக் கோவில் வாயில்களில் காணும் அதே மகரம்தான். ஆண்டவரின் திருவுடல் இல்லாமல் மலரும் இச்சிலுவை, சாவை அல்ல, உயிர்ப்பைச் சொல்கிறது. தொலைதூரத்து எழுத்தும் உள்ளூர்ச் சிற்பமும் ஒரே கல்லில் இணைந்து கிறிஸ்துவைப் போற்றுகின்றன. பல மொழிகள் கூடி வழிபடும் நம் பகுதிக்கு இது பொருத்தமான அடையாளம் அல்லவா?

திருச்சபையின் வழிகாட்டல்

கி.பி. 600ஐ ஒட்டி மார்செய் ஆயர் செரேனுஸ் தம் ஆலயங்களிலிருந்த உருவங்களை உடைத்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரி அவருக்கு மடல் எழுதினார். உருவங்களை ஆராதிக்கக் கூடாது என்பது சரியே, ஆனால் எழுத்தறியாதவர் படிக்கும் ஏடுகளான அவற்றை உடைக்கவும் கூடாது என்பது அதன் கருத்து. உருவத்திற்குத் தரும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சேர்கிறது என்று 787இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியது. அதே வேளையில் புனித பெர்நார்து, துறவற மடங்களில் செதுக்கப்பட்ட அரக்க உருவங்கள் செபத்தைக் குலைப்பதாக 12ஆம் நூற்றாண்டில் கடிந்துகொண்டார். இரண்டு குரலும் நமக்குத் தேவை. கிறிஸ்துவிடம் அழைத்துச் செல்லாத உருவம் வெறும் வேடிக்கையாகிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

இன்று பல ஊர்களில் பழைய ஆலயங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறோம். மக்கள் பெருகும்போது அது தேவையே. ஆனால் பழைய பீடமும் சுரூபங்களும் வண்ணக் கண்ணாடிகளும் எங்கே போகின்றன? திருச்சபையின் கலைச் செல்வங்கள் விற்கப்படாமலும் அழியாமலும் ஆயர்கள் காக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 126ஆம் எண் பணிக்கிறது. வேலை தொடங்குமுன் ஒவ்வோர் உருவத்தையும் படம் எடுத்துப் பங்கின் பதிவேட்டில் சேர்த்து வைக்கலாம். அதைச் செய்து கொடுத்தவர் யார், எதற்காக என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு ஞாயிறு பிள்ளைகளை ஆலயத்திற்குள் அழைத்துச் சென்று ஒவ்வொன்றாக விளக்கலாம். அன்பியக் கூட்டத்தில் ஓர் உருவத்தையும் அதற்குரிய இறைவார்த்தையையும் சேர்த்துத் தியானிக்கலாம்.

நமக்காக உயிர் கொடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அவருடைய கதையைச் சொல்லும் கற்களும் மரங்களும் நம் கண்முன் நிற்கின்றன. அவற்றைப் படிக்கவும் நம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவும் தூய ஆவியார் நமக்குத் துணைபுரிவாராக.