ஒரு ரூபியாவும் ஒரு கணக்குப் புத்தகமும்

"நீ இருபத்தைந்து வருஷம் பஹ்ரைனில் குப்பை கொட்டியவன்தானே, அதைப் பற்றி ஒரு கட்டுரை கொடுப்பா" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: "ஒட்டகம், பேரீச்சம்பழம், தங்கம் இதெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்."

நான் 1979இல் வணிகவியல் முடித்து வெளியேறியவன். வரலாறு எழுத வருவதை வரலாற்றுத் துறை அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்குப் புத்தகம் என்றால் எனக்குக் கொஞ்சம் விளங்கும். நான் சொல்லப் போகும் வரலாறும் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் நான் படித்ததுதான்.

"ரூபியா இருக்கா?"

1981ஆம் ஆண்டு மனாமாவில் போய் இறங்கினேன். முதல் வாரம். அங்கே தெருமுனை மளிகைக் கடைக்குக் 'கோல்ட் ஸ்டோர்' என்று பெயர். சோப்பு வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த பஹ்ரைனிப் பெரியவர் சில்லறையைத் தடவிப் பார்த்துவிட்டு, கையை நீட்டி "ரூபியா, ரூபியா" என்றார். நான் பதறிப்போய், "இந்தியப் பணம் எங்கிட்ட இல்லீங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். கூட வந்த அறைத்தோழர் சிரித்துக்கொண்டே ஒரு நூறு ஃபில்ஸ் காசை எடுத்துக் கொடுத்தார். "இதுதாம்ப்பா இங்கே ரூபியா!"

ஆயிரம் ஃபில்ஸ் சேர்ந்தது ஒரு தினார். நூறு ஃபில்ஸுக்கு மட்டும் ஊர்வழக்கில் ரூபியா என்று பெயர். ஏன் என்று விசாரித்தபோதுதான் ஒரு பெரிய கதை வெளியே வந்தது.

1965 வரை பஹ்ரைனின் பணமே நம் ரூபாய்தான். வளைகுடாக் கரையில் இருந்த பிரிட்டிஷ் நிர்வாகம் லண்டனைவிட இந்திய அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது. 1884இல் அங்கே திறக்கப்பட்டதும் இந்தியத் தபால் நிலையம். 1933 முதல் இந்தியத் தபால்தலையின் மேல் 'பஹ்ரைன்' என்று அச்சடித்து விற்றார்கள். இந்தியா விடுதலை அடைந்தபின் 1948இல்தான் தபாலை பிரிட்டிஷார் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். ரூபாய் மட்டும் தொடர்ந்து ஓடியது.

அதற்குள் ஒரு சிக்கல். வளைகுடாவில் ரூபாய் செல்லுபடியாகும் என்பதால், ரூபாயைக் கொண்டுபோய் அங்கே தங்கம் வாங்கி, கடத்தி வந்தார்கள். நம் அந்நியச் செலாவணி கரைந்தது. எனவே 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு வெளியிட்டது. நூறு ரூபாய் நோட்டு பச்சை, பத்து ரூபாய் சிவப்பு. வரிசை எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து. இந்தியாவில் அது செல்லாது. 1961இல் குவைத்தும், 1965இல் பஹ்ரைனும் சொந்தமாகத் தினார் அச்சிட்டன. பஹ்ரைனில் ஒரு தினாருக்குப் பத்து ரூபாய் என்று மாற்றிக் கொடுத்தார்கள். பத்தில் ஒரு பங்கு நூறு ஃபில்ஸ். காசு போனாலும் பேர் போகவில்லை! அன்று பத்து ரூபாய்க்குச் சமமாக இருந்த தினார் இன்று இருநூறு ரூபாய்க்கு மேல் என்பதை வணிகவியல் மாணவர்கள் கவனிக்க.

சொற்களும் அப்படித்தான். டாக்சியில் ஏறினால் நேரே போ என்பதற்கு 'சீதா' என்பார்கள். மின்விசிறிக்கு 'பங்கா', டார்ச் விளக்குக்கு 'பிஜ்லி', ஊறுகாய்க்கு 'அச்சார்', செருப்புக்கு 'ஜூத்தி'. இந்தி எதிர்ப்புக் காலத்துச் சூட்டில் வளர்ந்த நான், கடைசியில் இந்தியை அரபிக்காரர்களிடம் கற்றுக்கொண்டேன்!

கடற்கரையில் ஒரு முளைப்பாரி

எங்கள் கம்பெனிக் கிடங்குக்கு ஒரு காவலாளி இருந்தார். காவலாளியை அங்கே 'நாத்தூர்' என்பார்கள். முஹர்ரக் தீவுக்காரர். அப்போதே எழுபது வயது இருக்கும். நான் அவரை 'ஹஜ்ஜி' என்பேன். அவர் என்னை முதலில் எல்லா இந்தியரையும் கூப்பிடுவதுபோல 'சதீக்' என்றார். கொஞ்ச நாள் கழித்து 'வலதி', அதாவது 'என் மகனே' என்றார். எங்கள் பேச்சு பம்பாய் இந்தியும் அரபியும் கலந்த ஒரு கூட்டு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் மாலை, "வா, ஒன்று காட்டுகிறேன்" என்று கடற்கரைக்கு அழைத்துப் போனார். சின்னஞ்சிறு பெண்பிள்ளைகள் பூப்போட்ட பட்டுச் சட்டையில், கையில் ஈச்ச ஓலையில் பின்னிய சிறு கூடையோடு நிற்கிறார்கள். கூடைக்குள் மண், அதில் கோதுமையோ பார்லியோ விதைத்து வளர்ந்த பச்சை முளை. பாடிக்கொண்டே கூடையைக் கடலில் எறிகிறார்கள். 'ஹிய்யா பிய்யா' என்று அதற்குப் பெயர். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்பது வேண்டுதல். எனக்கு எங்கள் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரி ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. விதை முளைத்தால் நல்லது நடக்கும் என்று நம்பாத ஊர் எது?

கிழவர் மட்டும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் போனவன்தான், பத்து வயசில்" என்றார். "ஹஜ்ஜுக்கா?" என்றேன். "இல்லை. முத்துக்கு."

மூச்சடக்கிய நான்கு மாதம்

எண்ணெய்க்கு முன் பஹ்ரைனுக்குச் சோறு போட்டது முத்து. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சின்னத் தீவிலிருந்து மட்டும் சுமார் 900 படகுகள் முத்துக்குப் போயின. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம். வெயில் மண்டையைப் பிளக்கும் மாதங்கள் அவை. ஆனால் கடல்நீர் குளிராமல் இருப்பதும் அப்போதுதான்.

படகுத் தலைவருக்கு 'நகுதா' என்று பேர். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து நண்பர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாரசீகத்திலிருந்து கிளம்பிய அந்தச் சொல் நம் கடற்கரையிலும் 'நாகுதா' என்று வழங்கியதுதான். முத்துக் குளிப்பவர் 'கவ்வாஸ்'. மேலிருந்து கயிறு இழுப்பவர் 'சைப்'. எடுபிடிப் பையன் 'தப்பாப்'. களைப்புத் தெரியாமல் பாடுவதற்கென்றே 'நஹ்ஹாம்' என்று ஒரு பாடகர். நம் மன்னார்க் கடலுக்கும் இவர்கள் அந்நியரல்லர். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு அரபு முக்குளிப்பவர்களும் வந்து போயிருக்கிறார்கள்.

மூக்கில் ஆமை ஓட்டில் செய்த இடுக்கி, காலில் கல், கழுத்தில் வலைக்கூடை. கல் இழுக்கும் வேகத்தில் அடிக்குப் போய், மூச்சு இருக்கும்வரை சிப்பியைப் பறித்துப் போட்டு, கயிற்றை அசைத்தால் சைப் இழுத்துவிடுவார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதுதான். பகலில் பேரீச்சம்பழமும் காப்பியும். சோறும் மீனும் இரவில்தான். வயிறு நிறைந்தால் முக்குளிக்க முடியாது.

"நான் தப்பாப்" என்றார் கிழவர். "டீ போடுவேன், தளம் கழுவுவேன். வாப்பா கவ்வாஸ். அவர் தலை தண்ணிக்கு மேலே வர்ற வரைக்கும் நானும் மூச்சு விடமாட்டேன்."

எடுத்த முத்து பெரும்பாலும் பம்பாய்க்குப் போனது. அங்கே துளையிட்டு, கோத்து, அங்கிருந்து பாரிஸ், லண்டன். பாரிஸ் நகைக்கடை முதலாளி ழாக் கார்த்தியே 1912இல் முத்துத் தேடி நேரில் பஹ்ரைன் வந்தார். பதிலுக்கு இந்தியாவிலிருந்து அரிசி, துணி, படகு கட்ட மலபார்த் தேக்கு. ரூபாய் ஏன் அங்கே வேரூன்றியது என்பது இப்போது புரியும்.

கணக்குப் புத்தகம்

ஒருநாள் கிழவர் துணியில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "நீ கணக்கன்தானே, பார்." அரபியில் எழுதியிருந்தது. அவர் வாசித்துச் சொல்ல, நான் கேட்டேன். அவர் தந்தையின் முத்துக்குளிப்புக் கணக்கு. எல்லாம் ரூபாயில்.

பருவம் தொடங்கும் முன் வீட்டுச் செலவுக்கு நகுதா ஒரு முன்பணம் தருவார். பருவம் முடிந்து குளிர்காலத்தில் சாப்பாட்டுக்கு இன்னொரு முன்பணம். முத்து விற்ற பணத்தில் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். கவ்வாஸுக்கு மூன்று பங்கு என்றால் சைப்புக்கு இரண்டு. அந்தப் பங்கிலிருந்து முன்பணத்தைக் கழித்தால் பெரும்பாலும் கையில் நிற்பது கடன்தான். கடன் தீராமல் வேறு நகுதாவிடம் போக முடியாது. தகப்பன் இறந்தால் கடன் மகன் தலையில் விழும். மகனும் கடலில் இறங்குவான். கணக்கு நகுதா வாயில் இருக்கும். முக்குளிப்பவனுக்குப் பார்க்கக் கிடைக்காது.

1920களில்தான் இதற்குச் சீர்திருத்தம் வந்தது. ஒவ்வொரு முக்குளிப்பவனுக்கும் தனிக் கணக்குப் புத்தகம், தகப்பன் கடன் மகனைச் சேராது, முன்பணத்துக்கு ஓர் உச்சவரம்பு என்று விதித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கடன் குறையட்டும் என்று வைத்த உச்சவரம்பே அடுப்பெரியாத வீட்டில் கோபமாக மாறியது. 1926லும் 1932லும் முக்குளிப்பவர்கள் கலகம் செய்தார்கள்.

"புத்தகம் கிடைத்ததே, வாப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது. நான் குர்ஆன் பள்ளியில் எழுத்துக் கற்றேன். நான்தான் படித்துச் சொன்னேன். முதல் தடவை கேட்டுவிட்டு, இன்னொரு தரம் படி என்றார். மறுபடியும் படித்தேன். கடன் அதேதான் இருந்தது."

நான் வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. விசாவுக்காக ஊரில் ஓர் ஏஜெண்டிடம் பன்னிரண்டாயிரம் கட்டிவிட்டு வந்தவன் நான். பாதி அம்மாவின் நகை, மீதி வட்டிக்கு வாங்கியது. வந்த பின்தான் சொன்ன சம்பளம் வேறு, கொடுத்த சம்பளம் வேறு என்று தெரிந்தது. அந்தக் கடன் அடைய இரண்டரை வருஷம் ஆயிற்று. பி.காம். படித்த எனக்கே வட்டி போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கிழவர் புது ஆள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, "கடன் எவ்வளவு?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஒன்று போய் ஒன்று வந்தது

முத்து வாழ்க்கை சில ஆண்டுகளில் சரிந்தது. ஜப்பானின் மிகிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டினார். 1920களில் உருண்டையான வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்துவிட்டன. 1929இல் உலகப் பொருளாதார மந்தம். பாரிஸில் முத்துமாலை வாங்க ஆளில்லை. முஹர்ரக்கில் அரிசி வாங்கக் காசில்லை.

கலகம் நடந்த அதே 1932இல்தான் ஜெபல் துகான் என்ற குன்றருகே எண்ணெய் பீறிட்டது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதல் எண்ணெய்க் கிணறு அதுதான். 1936இல் சுத்திகரிப்பு ஆலை. கிழவரும் கடலை விட்டுக் கூலி ஆளாக அங்கே சேர்ந்தார். "முதல் மாதச் சம்பளம் முழுசாகக் கைக்கு வந்தது. யாரும் கழித்துக்கொள்ளவில்லை. பயமாக இருந்தது" என்றார்.

எண்ணெய் வராமல் போயிருந்தால் அந்தத் தீவு என்ன ஆகியிருக்கும்? இதை அங்குள்ளவர்களே மறக்கவில்லை. வளர்ப்பு முத்து வணிகத்துக்கு பஹ்ரைனில் இன்றும் அனுமதி இல்லை. முஹர்ரக்கின் பழைய முத்து வணிகர் வீடுகளும் முத்துப் படுகைகளும் 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நஹ்ஹாம் பாடிய 'ஃபிஜிரி' இசைக்கும் 2021இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. கோடையில் கடலில் இறங்கியவர்களின் பேரன்மார் நாட்டில், ஜூலை, ஆகஸ்டு நண்பகலில் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று 2007இல் விதி வந்தது. அந்த நிழலில் உட்கார்ந்தவர்களில் நம்மூர்ப் பிள்ளைகளும் உண்டு.

அதாரி ஊற்று

பஹ்ரைன் என்றால் இரு கடல்கள் என்று பொருள். உப்புக் கடலுக்கு அடியில் நன்னீர் ஊற்றுகள் இருந்தன. முத்துக்குப் போனவர்கள் முங்கித் தோல்பையில் குடிநீர் பிடித்திருக்கிறார்கள். கரையில் அதாரி என்று புகழ்பெற்ற ஓர் ஊற்று. 'அதாரி, பக்கத்தில் இருப்பதை விட்டுத் தூரத்தில் இருப்பதற்கு நீர் பாய்ச்சும்' என்பது அந்த ஊர்ப் பழமொழி. சொந்த வீட்டைக் கவனிக்காமல் ஊருக்கு உழைப்பவனைப் பார்த்துச் சொல்வார்கள். ஆழ்குழாய் போட்டு இறைத்ததில் அந்த ஊற்றும் பிற்காலத்தில் வற்றியது.

2006இல் ஊர் திரும்பிய பிறகு அந்தப் பழமொழி அடிக்கடி ஞாபகம் வருகிறது. என் பிள்ளைகள் வளர்ந்ததை நான் போட்டோவில்தான் பார்த்தேன். கிழவர் 1990இல் காலமானார். அந்தப் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறதோ.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வெளிநாடு போங்கள், நானும் போனவன்தான். போகும் ஊரில் நமக்கு முன்னால் யார் மூச்சடக்கினார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தை இரண்டு தரம் படியுங்கள். படிக்கத் தெரியாத வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள். நம் கல்லூரி எழுத்துக் கற்றுக் கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான்.