இரவு வானின் அரிய காட்சிகளும் ஒளிப்படமும்: ஒரு வரலாறு

முன்னுரை

இரவில் வானவில் தோன்றுமா? தோன்றும். பகலில் சூரிய ஒளி மழைத்துளிகளுக்குள் புகுந்து வானவில்லை உண்டாக்குவது போலவே, இரவில் நிலவின் ஒளியும் ஒரு வில்லை உண்டாக்கும். இதற்கு நிலவுவில் என்று பெயர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வானிலை பற்றிய தமது நூலில் இதைக் குறிப்பிடுகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இரண்டே முறைதான் இந்த வில் காணக் கிடைத்தது என்கிறார் அவர்.

இத்தகைய இரவுக் காட்சிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. அவற்றைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். பார்க்கும் நேரமும் மிகக் குறைவு. மறுநாள் காலையில் பிறருக்குக் காட்டச் சான்று ஏதும் இருப்பதில்லை. எனவே பல காட்சிகள் நூற்றாண்டுக் கணக்கில் வெறும் பேச்சாகவே நின்றன. அவற்றை அளக்கத்தக்க அறிவியல் செய்திகளாக மாற்றியதில் ஒளிப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

தொடக்ககால முயற்சிகள்

ஒளிப்படக்கலை 1839இல் பொதுவெளிக்கு வந்தது. மறு ஆண்டே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படம்பிடித்தார். 1850 சூலை 17 அன்று ஹார்வர்டு வான்காணகத்தில் விப்பிள், பாண்ட் ஆகிய இருவரும் வேகா விண்மீனைப் படம்பிடித்தனர். வானின் மிகப் பிரகாசமான விண்மீன்களுள் ஒன்றான அதற்கே, பெரிய தொலைநோக்கியின் உதவியோடும் சுமார் 100 வினாடிகள் தேவைப்பட்டன.

விண்மீன் ஓர் ஒழுங்கோடு நகர்வது. தொலைநோக்கியை அதன் போக்கிலேயே திருப்பிக்கொண்டு காத்திருக்கலாம். ஆனால் எரிநட்சத்திரமோ துருவ ஒளியோ காத்திருப்பதில்லை. ஒளி உணர்வு மிகுந்த உலர் தட்டுகள் பரவலான பின்னரே இவற்றைப் படம்பிடிக்க வழி பிறந்தது. 1885 நவம்பர் 27 இரவு எரிநட்சத்திரங்கள் மழைபோலப் பொழிந்தபோது, பிராகு நகரில் லாடிஸ்லாசு வைனெக் அவற்றில் ஒன்றின் கோட்டைத் தம் தட்டில் பதிவுசெய்தார். எரிநட்சத்திரத்தின் முதல் ஒளிப்படம் என்று அறியப்படுவது இதுவே.

இரவில் ஒளிரும் மேகங்கள்

அதே 1885ஆம் ஆண்டுக் கோடையில், சூரியன் மறைந்து நெடுநேரம் ஆன பிறகும் வெள்ளி நிறத்தில் ஒளிரும் மெல்லிய மேகங்களை ஐரோப்பாவில் பலர் கண்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1883இல், இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று அப்போது கருதப்பட்டது.

பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ எஸ்ஸே 1887இல் இம்மேகங்களைப் படம்பிடித்தார். பின்னர் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இடங்களில் கேமராக்களை நிறுத்தி, ஒரே நொடியில் ஒரே மேகத்தைப் படமெடுக்க ஏற்பாடு செய்தார். இரண்டு படங்களிலும் மேகம் தெரியும் திசை சிறிது வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டு முக்கோணக் கணக்குப் போட்டால் உயரம் கிடைக்கும். அவருக்குக் கிடைத்த விடை சுமார் 82 கிலோமீட்டர். சாதாரண மழைமேகங்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் செல்வது அரிது. இன்றைய கருவிகள் தரும் அளவும் எஸ்ஸே கண்ட அளவை ஒட்டியே இருக்கிறது.

துருவ ஒளியை அளந்தவர்கள்

துருவ ஒளி நொடிக்கு நொடி வடிவம் மாறும். நீண்ட நேரம் படமெடுத்தால் எல்லாம் கலங்கிப்போகும். குறைந்த நேரம் எடுத்தால் தட்டில் எதுவும் பதியாது. டென்மார்க்கைச் சேர்ந்த சோபசு துரோம்கோல்ட் 1882-83 குளிர்காலத்தை வட நார்வேயில் கழித்து முயன்றும் துருவ ஒளி அவருடைய தட்டில் விழவில்லை. அங்கு வாழும் சாமி மக்களைப் பகலில் அவர் எடுத்த படங்களே இன்று அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன.

1892 சனவரியில் நார்வேயின் போசெகோப் என்ற ஊரில், ஜெர்மானியர்களான மார்ட்டின் பிரெண்டல், ஓட்டோ பாசின் ஆகியோர் துருவ ஒளியின் வடிவம் தெரியும்படி முதன்முதலாகப் படமெடுத்தனர்.

இதனை முழுமையான ஆய்வாக வளர்த்தவர் நார்வே நாட்டுக் கணித அறிஞர் கார்ல் இசுட்டோர்மர். இவர் 1910இல் அதே போசெகோப்புக்குச் சென்றார். இரு இடங்களில் கேமராக்களை நிறுத்தி, தொலைபேசியில் பேசிக்கொண்டே இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கச் செய்தார். படத்தின் பின்னணியில் விழுந்த விண்மீன்களே அவருக்கு அளவுகோலாயின. துருவ ஒளி மலையுச்சியைத் தொடுகிறது, தரைவரை இறங்குகிறது என்றெல்லாம் அதுவரை கூறப்பட்டு வந்தது. அதன் கீழ் விளிம்பே பெரும்பாலும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை அவருடைய படங்கள் காட்டின.

நம்பப்படாத விமானிகள்

இடிமேகங்களுக்கு மேலே, மேல்நோக்கிப் பாயும் ஒளியைக் கண்டதாக விமானிகள் சிலர் நெடுங்காலமாகக் கூறிவந்தனர். அப்படி ஒன்று நிகழக்கூடும் என்று நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சனும் 1920களில் கணித்திருந்தார். ஆனால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் தோன்றி மறைவதை யார் நம்புவார்?

1989 சூலை 6 அன்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் விங்கிளரும் அவருடைய குழுவினரும், ஒரு ராக்கெட் ஆய்வுக்காக, மங்கலான ஒளியிலும் செயல்படும் தொலைக்காட்சிக் கேமரா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தனர். பதிவைப் பிறகு பார்த்தபோது, தொலைவிலிருந்த இடிமேகத்துக்கு மேலே இரண்டு ஒளித்தூண்கள் நின்றன. தேடிச் சென்று எடுத்த படமன்று அது. அதன் பின்னர் விண்வெளி ஓடங்களின் பழைய ஒளிநாடாக்களைத் தேடிப் பார்த்தபோது அவற்றிலும் இத்தகைய ஒளிகள் இருந்தன. இவற்றுக்கு இன்று ஸ்பிரைட் என்று பெயர். விமானிகள் சொன்னது உண்மையே என்பது இவ்வாறு உறுதியானது.

நிலவுவில்: கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு ஏழு நிறம்

நிலவுவில்லின் வரலாற்றில் சிக்கல் வேறு வகையானது. முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்கே. மங்கிய ஒளியில் நம் கண்ணின் குச்சி செல்கள் மட்டுமே நன்கு வேலை செய்யும். அவற்றால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. நிறம் அறியும் கூம்பு செல்களுக்கு அந்த ஒளி போதாது. எனவே நிலவுவில் பெரும்பாலும் வெண்ணிற வளைவாகவே கண்ணுக்குத் தெரிகிறது. கேமராவோ ஒளியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்வதால் அதில் நிறங்கள் முழுமையாகப் பதிகின்றன.

இதனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வெயிலில் எஃப் 16 துளை, ஐஎஸ்ஓ 100 அளவில் ஒரு காட்சிக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அதே அமைப்பில் நிலவொளிக்கு 4,000 வினாடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். துளையை எஃப் 2.8 ஆகப் பெரிதாக்கினால் ஒளி 32 மடங்கும், ஐஎஸ்ஓவை 1600 ஆக உயர்த்தினால் உணர்திறன் 16 மடங்கும் கூடும். அப்போது சுமார் 8 வினாடிகள் போதும். முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, 10 முதல் 30 வினாடிகள் வரை படமெடுப்பது இன்றைய வழக்கம்.

நிலவுவில்லைக் காண நிலவு முழுமைக்கு அருகில் இருக்க வேண்டும். பார்ப்பவர் அதற்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். வில்லின் ஆரம் 42 பாகை என்பதால், சமதரையில் நிற்பவருக்கு நிலவு 42 பாகைக்குக் கீழே இருந்தால்தான் வில் தெரியும். மழைக்காகக் காத்திருக்க வேண்டாத இடங்கள் அருவிகள். சாம்பெசி ஆற்றின் விக்டோரியா அருவி, அமெரிக்காவின் கம்பர்லாந்து அருவி, யோசெமிட்டி அருவி ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. டெக்சாசு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் டொனால்டு ஓல்சனும் அவருடைய குழுவினரும் நிலவின் நிலையையும் அருவியின் அமைப்பையும் கணக்கிட்டு, யோசெமிட்டியில் வில் தோன்றும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கூறும் முறையை உருவாக்கினர். அரிஸ்டாட்டில் ஐம்பது ஆண்டுகளில் இருமுறை என்று எழுதிய காட்சியை, இன்று நாட்காட்டியில் குறித்துவைத்துப் படமெடுக்கச் செல்கிறார்கள்.

பொதுமக்களின் பங்கு

எண்முறைக் கேமராக்கள் பரவியதால் ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்களும் கண்டுபிடிப்பில் பங்குபெற்றனர். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் துருவ ஒளியைப் படமெடுக்கும் ஆர்வலர்கள், வானின் குறுக்கே ஊதா நிறத்தில் நீளும் ஒரு மெல்லிய பட்டையைப் பலமுறை பதிவுசெய்தனர். வழக்கமான துருவ ஒளியோடு அது ஒத்துப்போகவில்லை. அவர்கள் அதற்கு விளையாட்டாக ஸ்டீவ் என்று பெயரிட்டனர். கால்கரி பல்கலைக்கழகத்தின் எரிக் டோனவன் அப்படங்களைச் செயற்கைக்கோள் பதிவுகளோடு ஒப்பிட்டார். 2018இல் அது தனியொரு நிகழ்வாக ஆய்விதழில் அறிமுகமானது.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 2024 மே 10-11 இரவில் வலிமையான சூரியப் புயல் பூமியைத் தாக்கியபோது, லடாக்கின் ஆன்லே வான்காணகத்துக் கேமராக்கள் வடவானத்தில் பரவிய சிவப்பு ஒளியைப் பதிவுசெய்தன. இவ்வளவு தெற்கே அத்தகைய ஒளி பதிவாவது மிகவும் அரிது. அப்பகுதி இருள்வான் காப்பகமாகப் பேணப்படுவதும் இதற்குத் துணைநின்றது.

முடிவுரை

ஒரு காட்சி அழகாகப் பதிவாவதால் மட்டும் அது சான்றாகிவிடுவதில்லை. எஸ்ஸேயின் மேகங்களும் இசுட்டோர்மரின் துருவ ஒளியும் அறிவியலானதற்குக் காரணம், படத்தோடு நேரமும் இடமும் திசையும் குறிக்கப்பட்டிருந்ததே. பல படங்களை ஒன்றாக ஒட்டுவதும், இல்லாத காட்சியைக் கணினியால் உருவாக்குவதும் எளிதாகிவிட்ட இக்காலத்தில் இக்குறிப்புகளின் தேவை இன்னும் கூடியுள்ளது. அரிய காட்சி ஒன்றைப் படமெடுக்கும் மாணவர், எடுத்த நாள், நேரம், ஊர், திசை, ஒளிபட்ட வினாடிகள் ஆகியவற்றை உடனே எழுதிவைக்க வேண்டும். திருத்தப்படாத மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த வில் படத்தில் ஏழு நிறமாக விழுந்திருந்தால், அதையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். அப்போதுதான் பார்த்தவர் சொல்லைப் பார்க்காதவரும் நம்புவார்.